புகை அடங்கிய பின் பேசுவோர் யார்?

ஒரு வீட்டினுள்ளே ஆயுதந் தாங்கிய ஒருவன் ஒளிந்திருக்கிறான். வெளியே பொலிசார் வளைத்து நிற்கின்றனர். வெடியோசை கேட்கிறது; சற்று நேரத்தில் புகை எழுகிறது; வீடு பற்றி எரிந்து சாம்பலாகிறது. மறுநாட் காலையில் அதிகாரி ஒருவர் பத்திரிகையாளர் முன் வந்து, நடந்தது இதுதான் என்று எடுத்துரைக்கிறார். கேட்பவர்களிற் சிலர் தலையசைக்கின்றனர், வேறு சிலர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "யார் கண்டது?" என்று கேட்டுவிட்டுத் தத்தம் வேலையைப் பார்க்கப் போகின்றனர்.

இந்த அவநம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது? அது நியாயமானதா? நியாயமானதாயின், அதனை நெஞ்சில் வைத்துக்கொண்டு சாதாரண மனிதர்களாகிய நாம் செய்யத்தக்கது யாது? இக்கேள்விகளையே இவ்வாரம் வாசக அன்பர்களோடு சேர்ந்து ஆராய எண்ணுகிறோம். எங்கோ தூரதேசத்துச் சங்கதி என்று எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எஹலியகொடை நமது வாசற்படியென்றால், மாவனெல்லையும் றம்புக்கனையும் நமது சபரகமுவ என்னும் அதே வீட்டின் பின்கட்டில் உள்ளவை. அவ்விரண்டு ஊர்களும் இவ்விஷயத்தில் நமக்குப் பாடம் சொல்லக் காத்திருக்கின்றன.

முதலில் பழைய கதையை எடுத்துக்கொள்வோம். கொழும்பு-கண்டி வீதியில், மாவனெல்லைக்கு அருகே உதுவன்கந்தை என்னும் மலை நிமிர்ந்து நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் செழித்த காலத்தில், அவ்வீதி வழியே பணமும் பண்டமும் ஓயாது போய்வந்தன. அம்மலையை மறைவிடமாகக் கொண்டு வழிப்பறி செய்தவன் சரதியேல். செல்வரும் துரைமாரும் அவன் பெயரைக் கேட்டு அஞ்சினர். ஏழைச் சனங்களோ, உள்ளவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தான் என்று அவனைப் புகழ்ந்தனர். 1864ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆம் நாள், அவனும் அவனுடைய தோழன் மம்மலே மரைக்காரும் மாவனெல்லையில் ஒரு வீட்டில் இருந்தபோது பொலிசார் வந்து வளைத்துக்கொண்டனர். உள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. துவான் சபான் என்னும் மலாய் இனத்துக் கொன்ஸ்தாபிள் குண்டுபட்டு இறந்தார். கடமையில் உயிர் கொடுத்த முதலாவது இலங்கைப் பொலிஸ்காரர் அவரே என்பதால், இன்றும் மார்ச் 21ஆம் நாளைப் பொலிஸ் வீரர் தினமாக அனுட்டிக்கின்றனர். ஈற்றில் கள்வர் இருவரும் உயிரோடு பிடிபட்டனர். அவர்கள்மீது வழக்கு நடந்தது. குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவ்வாண்டு மே 7ஆம் நாள் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர்.

நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் சரதியேலைப் பற்றிய வாதம் ஓயவில்லை. அவன் நல்லவனா, கொடியவனா, ஏழை பங்காளனா, வெறுங் கொள்ளைக்காரனா என்று இன்றுங்கூட அப்பகுதியினர் வழக்காடுவர். ஆயினும் ஒன்றைக் கூர்ந்து நோக்குக. அவனுடைய குணத்தைப் பற்றித்தான் வாதம் நடக்கிறது. அந்த வீட்டில் நடந்தது என்ன, துவான் சபான் எவ்வாறு இறந்தார் என்பதைப் பற்றி இன்று பெரும் பூசல் எதுவும் இல்லை. காரணம் யாது? பிடிபட்டவர்கள் உயிரோடு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். சாட்சிகள் பலர் அறியச் சாட்சி சொல்லினர். குடியேற்ற ஆட்சியின் நீதிமன்றம் குறையற்றது என்று நாம் கூறவில்லை. ஆனால் நடந்ததை எடுத்துச் சொல்லும் உரிமை சுட்டவர் கையில் மட்டும் இருக்கவில்லை, அதுதான் முக்கியம்.

இனி, தீயில் முடிந்த ஒரு கதையைப் பார்ப்போம். அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிசில் இருந்தவர் கிறிஸ்தோபர் டோர்னர் என்பவர். தமக்குப் பயிற்சி அளித்த அதிகாரி கைதி ஒருவரை உதைத்தார் என்று அவர் முறையிட்டார். முறைப்பாடு பொய்யென்று தீர்மானிக்கப்பட்டு அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2013ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர் பழிவாங்கப் புறப்பட்டு நால்வரைக் கொன்றார். அவர்களில் இருவர் பொலிஸ் சேவையைச் சேர்ந்தவர்கள், மற்ற இருவர் இளங்காதலர். அம்மாதம் 12ஆம் நாள், பனிமூடிய மலைப்பகுதியில் மரவீடு ஒன்றிற்குள் அவர் அகப்பட்டுக்கொண்டார். பொலிசார் உள்ளே எறிந்த கண்ணீர்ப்புகைக் குண்டுகளைத் தொடர்ந்து வீடு தீப்பற்றி எரிந்தது. சாம்பலுக்குள் உடல் கிடைத்தது. தலையிற் பாய்ந்த ஒற்றைக் குண்டே மரணத்துக்குக் காரணம் என்றும், அது தற்கொலையாகவே தோன்றுகிறது என்றும் பரிசோதனையிற் கூறப்பட்டது. வேண்டுமென்று வீட்டைக் கொளுத்தவில்லை என்று பொறுப்பான அதிகாரி அறிவித்தார்.

பலர் அதனை நம்பவில்லை. வீட்டைக் கொளுத்துவதைப் பற்றிப் பொலிசார் தமக்குள் வானொலிக் கருவி மூலம் பேசியதைச் சனங்கள் கேட்டிருந்தனர். அன்றி, அதே வேட்டையின்போது, தேடப்பட்ட வாகனம் என்று தவறாக நினைத்து, அதிகாலையில் பத்திரிகை விநியோகித்துக்கொண்டு சென்ற இரு பெண்களின் வண்டிமீது பொலிசார் குண்டுமாரி பொழிந்தனர். அப்பெண்கள் தாயும் மகளும் ஆவர். அவர்களுக்கு நகரசபை 42 இலட்சம் டொலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1991ஆம் ஆண்டில் ரொட்னி கிங் என்னும் கறுப்பின மனிதரை அந்நகரப் பொலிசார் அடித்து நொறுக்கிய காட்சியை அயலவர் ஒருவர் படம்பிடித்திருந்தார். 1992இல் அடித்தவர்களை நடுவர் குழு விடுவித்தபோது நகரமே பற்றி எரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்த தலைமுறையினர் பொலிஸ் அறிக்கையை எவ்வாறு வாசிப்பர் என்று சொல்லவும் வேண்டுமோ?

டோர்னர் கொலைகாரர் என்பதில் ஐயமில்லை. அவர்மீது கொண்ட அன்பினால் எவரும் பொலிசாரை ஐயுறவில்லை. பொலிசாரை முன்னமே ஐயுற்றிருந்தமையால், கொலைகாரரின் முறைப்பாட்டைக்கூட ஒருகணம் காது கொடுத்துக் கேட்டனர். அவருடைய வேலைநீக்கத்தை மீண்டும் ஆராயுமாறு பொலிஸ் தலைவரே பணித்தார். நீக்கியது சரியே என்று முடிவாயிற்று. அம்முடிவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பொலிசாரைப் பொலிசாரே ஆராய்ந்து கண்ட உண்மைக்கு, சனங்களிடத்தில் அரை விலைதான் கிடைக்கும்.

இத்தகைய சங்கதிகள் நமது நாட்டிலும் தமிழகத்திலும் குறைவோ? தமிழகத்திலே 2004ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் நாள், தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சரணடையச் சொன்னோம், அவர்கள் சுட்டனர், நாங்களும் சுட்டோம் என்பது அதிரடிப் படையினரின் கூற்று. மனித உரிமை அமைப்புகள் அதனை அப்படியே ஏற்கவில்லை. நமது நாட்டில் 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில், மாக்கந்துரே மதுஷ் என்னும் பாதாள உலகப் பெயர் பெற்றவர் பொலிஸ் காவலில் இருக்கும்போதே கொழும்பு மாளிகாவத்தையில் கொல்லப்பட்டார். ஒளித்துவைத்த போதைப்பொருளைக் காட்டுவதற்காக அவரை அழைத்துச் சென்றோம், அங்கே யாரோ சுட்டனர் என்பது பொலிசாரின் விளக்கம். 2021 மே மாதத்தில் சந்தேக நபர்கள் இருவர் அடுத்தடுத்து இவ்வாறே காவலில் இறந்தபோது, இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கம் பகிரங்கமாகக் கண்டித்தது. 2025 பெப்ரவரியில் கொட்டாஞ்சேனையிலும் கைதான இருவர் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையாயினர்.

ஒவ்வொரு முறையும் சொல்லப்படும் கதை ஏறக்குறைய ஒன்றே. ஆயுதத்தைக் காட்ட அழைத்துச் சென்றோம். துப்பாக்கியைப் பறிக்க முயன்றான். வேறு வழியின்றிச் சுட்டோம். இவற்றுள் ஒன்று உண்மையாக இருக்கலாம். பலவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரே சட்டையை ஊரில் உள்ள எல்லாருக்கும் அணிவித்தால், அது எவருக்குப் பொருந்துகிறது, எவருக்குப் பொருந்தவில்லை என்று எவ்வாறு அறிவது? செத்தவன் எதிர்த்துப் பேசப் போவதில்லை. எஞ்சியிருப்போர் எல்லாம் துப்பாக்கி பிடித்தவர்களே. சரதியேலுக்குக் கிடைத்த வழக்கு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் வரும் நட்டம் இறந்தவனுக்கு மட்டும் உரியதன்று. உண்மையாகவே உயிராபத்தில் சுட்ட நேர்மையான கொன்ஸ்தாபிளுக்கும் அது நட்டமே. அவர் சொல்லும் மெய்யும் பொய்களோடு சேர்ந்து மதிப்பிழக்கிறது.

இனி, நமது காலத்துச் சபரகமுவக் கதைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆம் நாளை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்று நாடே சோர்ந்திருந்த வேளை. விலையும் மீண்டும் ஏறிற்று. கேகாலை மாவட்டத்து றம்புக்கனையில் சனங்கள் திரண்டு புகையிரதப் பாதையையும் வீதியையும் மறித்தனர். பல மணிநேரம் கடந்தபின் பொலிசார் கண்ணீர்ப்புகை வீசினர். பிறகு துப்பாக்கியால் சுட்டனர். ஒருவர் இறந்தார்; பலர் காயமுற்றனர்; ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது.

பொலிஸ் பேச்சாளர் கூறிய விளக்கத்தின் நடுவிலும் தீயே இருந்தது. கூட்டத்தினர் எரிபொருள் பவுசருக்குத் தீவைக்க முயன்றனர். பவுசர் பற்றியிருந்தால் பேரழிவு நேர்ந்திருக்கும். அதனைத் தடுக்கவே சுட்டோம் என்றனர். அங்கே முச்சக்கர வண்டி ஒன்று எரிந்தது. அதற்குத் தீவைத்தது யார் என்பதே பெரும் சர்ச்சையாயிற்று. ஆனால் மாவனெல்லையிலும் அமெரிக்க மலைக்காட்டிலும் இல்லாத ஒன்று றம்புக்கனையில் இருந்தது. கூடியிருந்த சனங்களின் கைகளில் தொலைபேசிகள் இருந்தன. அவர்கள் எடுத்த படங்கள் அன்று மாலைக்குள் நாடெங்கும் பரவின. மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரிக்கத் தொடங்கிற்று. கேகாலை நீதவான் மரண விசாரணை நடத்தினார். சில நாட்களுக்குள், சுட ஆணையிட்ட சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் உட்படச் சிலரைக் கைதுசெய்யுமாறு நீதிமன்றம் பணித்தது, அவர்கள் கைதாயினர்.

றம்புக்கனையில் எல்லாம் செவ்வனே முடிந்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் அங்கே பொலிசாரின் கதைக்கு எதிரே வேறு கண்கள் கண்ட கதையும் நீதிமன்றத்தின் முன் போய் நின்றது. ஐயம் வெறும் முணுமுணுப்பாக நின்றுவிடாமல் சாட்சியாக உருமாறியது. இவ்வாரம் நாம் சொல்ல விரும்பும் முழுக் கருத்தும் இந்த ஒரு வாக்கியத்தினுள் அடங்கும்.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய பாடமும் அன்று. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் சூட்டில் இறந்தார். துரையும் பொலிசும் ஒரே குரலிற் பேசிய காலம் அது. கூலிக்காரன் என்று இகழப்பட்டவனின் சொல்லுக்கு மதிப்பில்லாத காலம். அன்றும் சனங்கள் முணுமுணுத்ததோடு நிற்கவில்லை. விசாரணை ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவிக்காகச் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றிப் பொலிசாரைக் குறுக்கு விசாரணை செய்தார். பொலிசாரின் கூற்றைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்கலாம் என்று அன்று லயத்து மக்கள் கண்டுகொண்டனர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். பொலிசார் சொல்வதை நம்பவில்லை என்பதற்காக, பொலிசாருக்கு எதிராக எவர் எதைச் சொன்னாலும் நம்புவது அறிவுடைமை ஆகாது. சந்தியில் ஒருவன் சொன்னதையும், தொலைபேசியில் யாரோ அனுப்பிய துண்டுப் படத்தையும் ஆராயாது ஏற்றுப் பரப்புவோர், தாம் குறைகூறும் அதே தவற்றைத் தாமே செய்கின்றனர். வதந்தியின் விலையைச் சபரகமுவத் தமிழரைவிட அறிந்தவர் யார்? 1977இலும் 1981இலும் இம்மாகாணத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்ததையும், குடும்பங்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்ததையும் நமது பெரியவர்கள் இன்றும் சொல்வர். அக்கலவரங்களுக்குக் காரணங்கள் பல. அவற்றைக் காவிச் சென்ற கால்களுள் வதந்தியும் ஒன்று. ஆகவே, ஐயுறுவது நமது உரிமையென்றால் ஆராய்வது நமது கடமையாகும்.

அப்படியானால் சாதாரணக் குடும்பம் ஒன்று செய்யத்தக்கது யாது? சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் சிலவற்றை அறிந்திருத்தல் முதற்படி. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, ஒருவர் பொலிஸ் காவலில் இறந்தால் நீதவான் மரண விசாரணை நடத்த வேண்டும். அவ்விசாரணையில் உறவினரும் கண்டவரும் சாட்சி சொல்லலாம். சாட்சிகளைப் பாதுகாப்பதற்கும் தனிச்சட்டம் உண்டு. 2015இல் முதன்முறையாக இயற்றப்பட்ட அச்சட்டத்தின் இடத்தில் 2023இல் புதிய சட்டம் வந்தது. இந்தியாவில், பொலிஸ் மோதல் மரணங்கள் பற்றி 2014ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்துக்கும் மேலான உச்சநீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. சுட்ட பொலிஸ் குழுவே அதனை விசாரிக்கலாகாது, வேறொரு பொலிஸ் நிலையத்தாரோ குற்றப் புலனாய்வுப் பிரிவினரோ விசாரிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நமது நாட்டிலும் இத்தகைய விதி உறுதியாக வேரூன்ற வேண்டும் என்று குரல் எழுப்புவது குடிமக்களின் கடமையாகும்.

இரண்டாவது படி, நமது மக்களுக்கே சிறப்பாக உரியது. தோட்டத்தில் ஒரு சம்பவம் நேர்ந்து, கண்ட ஒருவர் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று வாக்குமூலம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தமிழிற் சொல்கிறார். எழுதுபவர் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதுகிறார். எழுதி முடிந்ததும் ஒரு விரல் கோடு காட்டப்படுகிறது. இவர் கையொப்பமிட்டுவிட்டு வீடு திரும்புகிறார். தாம் சொன்னதுதான் அந்தத் தாளில் இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. நாளை வழக்கு மன்றத்தில் அந்தத் தாளே அவருடைய சொல்லாக வாசிக்கப்படும். "நான் இப்படிச் சொல்லவில்லையே" என்று அன்று அவர் கூறினால், முன்பு ஒன்று சொல்லி இப்போது வேறொன்று சொல்கிறார் என்று அவரையே பொய்யராக்குவர்.

இதற்கும் சட்டத்தில் மருந்து உண்டு. எழுதப்பட்ட வாக்குமூலத்தை, கொடுத்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எழுதப்பட்ட மொழி அவருக்கு விளங்காவிடில், விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும். திருத்தவோ சேர்க்கவோ விரும்பினால் அதற்கும் இடமளிக்க வேண்டும். மேற்சொன்ன சட்டக்கோவையே இதனைக் கூறுகிறது. அரசாங்க அலுவலரோடு தமிழிற் கருமமாற்றும் உரிமையை நாட்டின் அரசியலமைப்பும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் கேளாதவனுக்கு இவ்வுரிமை தானாக வந்து சேர்வதில்லை.

பள்ளி மாணவ மாணவியரே, இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்களிற் பலர் சிங்களமும் தமிழும் வாசிக்க வல்லவர்கள். உங்கள் பாட்டனும் தாயும் றப்பர் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் உங்களைப் படிக்கவைத்தது, பரீட்சையில் தேறுவதற்கு மட்டும் அன்று. வீட்டில் ஒருவர் பொலிஸ் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போக நேர்ந்தால், கூடச் செல்லுங்கள். பணிவோடு நில்லுங்கள், பொலிசாரைப் பகைவராக எண்ண வேண்டியதில்லை. துவான் சபானைப் போன்று கடமைக்காக உயிர் கொடுத்தவர்களும் அந்தச் சீருடையைத்தான் அணிந்திருந்தனர். எழுதி முடிந்து பேனாவை நீட்டும்போது, "ஐயா, எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். முதல்முறை கேட்பதற்கு நாவு கூசும். எழுதுபவருக்கும் சற்றுச் சலிப்பு உண்டாகலாம். ஆனாலும் வாசித்துக் காட்டும்வரை கையொப்பம் இட வேண்டாம்.